கோயிலில் ராக்கெட், கடலில் கூம்பு

எங்கள் வீட்டில் ராக்கெட் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தீபாவளிக்கு விடுவதைக்கூட வாணம் என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இதை ஒரு சட்டமாக வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். எத்தனை நாள் மீன்குழம்பு அப்படி ஆறிப்போனது என்பது எனக்குத்தான் தெரியும்.

நானோ தூத்துக்குடியில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எழுபதுகளில் பாடப் புத்தகத்திலேயே ராக்கெட் வந்துவிட்டது. படத்தைப் பலகையில் வரைந்து, வால் இது, மூக்கு இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போது அதையெல்லாம் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருவேன்.

அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் எங்கள் கரைக்காரர் இல்லை. கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரையில் ஏறிப்போனால் வருகிற ஒரு சின்ன மீனவக் குடியிருப்பில் பிறந்தவர். கடலைப் பார்த்தபடி ஒரு மாதா கோயில், அதைச் சுற்றித் தென்னையும் ஓலை வீடுகளும், கோயிலுக்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டம். அவருடைய அம்மாவை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் டில்லியிலிருந்து படித்தவர்கள் வந்து அந்த மணலை அளந்தார்கள். பூமியின் காந்த நடுக்கோடு அந்த ஊருக்கு மேலாகப் போகிறதாம். வானத்தை ஆராய ராக்கெட் விடுவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லையாம். ஆயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஜனங்களிடமே கேட்டார். வீட்டையும் கோயிலையும் கொடுத்துவிட்டு எல்லாரும் கொஞ்சம் தள்ளிப்போய்க் குடியேறினார்கள். அங்கே புதுக் கோயில் கட்டிக்கொடுத்தார்கள். ஊரே போய்ப் புதுக் கோயிலில் முழங்கால் போட்டபோது, இருபது வயதுகூட ஆகாத இவர் மட்டும் ஒரு சரக்குத் தோணியில் ஏறித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

என் அப்பா அவரைத் தம் வள்ளத்தில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து வீட்டிலும் சேர்த்துக்கொண்டார். வேற்றுக் கரைக்காரனுக்குப் பெண் கொடுக்கிறானே என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வரவில்லை. வராதவர்களுக்கும் சேர்த்து நீதான் சாப்பிட்டாய் என்று அம்மா சொல்லிக் காட்டுவாள்.

எனக்கு ஒரே தம்பி. சங்கு குளிக்கிறவன். எங்கள் அப்பா முத்துக் குளித்தவர். தம்பி தலையெடுத்தபோது முத்துக் குளிப்பு நின்றுபோயிருந்தது. வருடா வருடம் மீன்துறைக்காரர்கள் கடலுக்குள் போய்ச் சிப்பியைச் சோதித்துவிட்டு, இந்த வருடமும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்பன் முத்து எடுத்த கடலில் தான் சங்கு மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குப் பெரிய குறை.

குளிப்பதற்கு எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. குளிக்கிறவர் கால் பெருவிரலால் கல் கட்டிய ஒரு கயிற்றைப் பற்றிக்கொண்டு, அதன் கனத்தில் கடலடிக்குப் போவார். இடுப்பில் இன்னொரு கயிறு. அதன் மறுமுனை வள்ளத்தில் இருக்கிறவர் கையில். கீழே இருந்து இரண்டு தரம் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். அந்தக் கையில்தான் உயிர் இருக்கிறது. அதனால் இடுப்புக் கயிற்றை மச்சான் முறை உள்ளவன்தான் பிடிப்பான். கூடப் பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். பங்காளிக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சான் கயிற்றைக் கோட்டை விட்டான் என்றால் வீட்டில் பெண்டாட்டி முகத்தில் விழிக்க முடியாது. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? கடலில் இறங்கவும் அதே தயவுதான். தம்பிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு இருந்த ஒரே மச்சான் என் வீட்டுக்காரர்.

இவர் கயிறு பிடிக்கிற விதத்தைக் கரையில் எல்லாரும் பேசுவார்கள். தம்பி தண்ணீருக்குள் முங்கியதும் இவரும் மூச்சை அடக்கிக்கொள்வார். தம்பி மேலே வந்து மூச்சு விட்ட பிறகுதான் தாமும் விடுவார். கடிகாரம் வேண்டாம், தன் நெஞ்சு சொல்லும் என்பார்.

புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். மாசி மாதம், கடல் தட்டில் ஊற்றின எண்ணெய்போலக் கிடந்த ஒரு மத்தியானம், இருவரும் வள்ளத்தில் இருந்தபோது ஒரு ஹெலிகாப்டர் வந்ததாம். அதன் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று விழுந்தது. விழுந்த பொருளுக்கு மேலே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு குடை விரிந்தது. தம்பி வாயைப் பிளந்தபடி பார்த்தான். அது ஆடி ஆடி இறங்கித் தண்ணீரைத் தொட்டு, கொஞ்ச நேரம் மிதந்து, குடையோடு முங்கிப்போனது. தூரத்தில் ஒரு படகில் இருந்த அதிகாரிகள் அங்கேயும் இங்கேயுமாக ஓடினார்கள்.

இவர் மட்டும் பழக்கதோஷத்தில் குறி பார்த்துக்கொண்டார். கடலில் இடத்தை நினைவு வைக்கக் கரையைத்தான் பார்ப்பார்கள். எங்கள் ஊர் மாதா கோயில் கோபுரமும் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வந்தன. முயல்தீவு விளக்கும் துறைமுகத்துக் கல்சுவரின் முனையும் இன்னொரு கோட்டில். இரண்டு கோடும் சந்திக்கிற இடம் மனசில் பதிந்துவிட்டது. வைரி வீட்டுப் பொருள் என்று தெரிந்திருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன் என்று பிறகு சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. கை பழகினதைக் கண் செய்யாமல் இருக்காது.

மறுநாள் சாயங்காலம் தம்பி ஓர் இளைஞரோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். முழுக்கைச் சட்டை, காலெல்லாம் மணல், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. சாத்தான்குளத்துப் பக்கம், அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள் என்றார். பார்த்தாலே தெரிந்தது, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் குசினியில் காப்பி போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அண்ணாச்சி, நேத்து விழுந்தது எங்க பொருள்" என்றார் அவர். "ராக்கெட்டோட மூக்குக் கூம்பு. மேல போயிட்டு வாரதக் கடல்லருந்து முழுசா எடுக்க முடியுமான்னு ஒரு சோதனை. எங்க மேற்குக் கரைக் கடல் ஆழம், அலையும் ஜாஸ்தி. இங்கன ஆழம் கம்மி, குளிக்க ஆளும் உண்டுன்னு வந்தோம். மிதவை கிழிஞ்சு போச்சு. இன்னைக்கெல்லாம் தேடினோம், கெடைக்கல. ஒங்களுக்கு எடம் தெரியும்னு இவரு சொல்லுதாரு."

காப்பியோடு நான் வெளியே வந்தபோது என் வீட்டுக்காரருக்குத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிற அந்த முகம் வந்துவிட்டிருந்தது. கையில் தட்டு இல்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"எடத்தச் சொல்லுதேன்" என்றார். "கடல்ல போன பொருளுக்கு எடம் சொல்லாம இருக்கப்படாது. கயித்தத் தொட மாட்டேன். என் கோயில எடுத்துக்கிட்டவனுவளுக்கு நான் கயிறு பிடிக்கதுக்கு இல்ல."

"மச்சான், எனக்குப் பிடிக்கியன்னு நெனச்சுக்கிடுங்க" என்றான் தம்பி.

"நீ போவாத. அம்புட்டுத்தான்."

"நான் போவேன். முத்துதான் நமக்கு வாய்க்கல. வானத்துல இருந்து விழுந்தது நம்ம கடல்ல கெடக்கு. அதத் தொட்டுப் பாக்காம என்னால இருக்க முடியாது. துறைமுகத்துல கயிறு பிடிக்க ஆள் தாராவளாம்."

காப்பியை அந்த இளைஞர் கையில் கொடுத்தேன். துறைமுகத்து ஆள். அவன் யார், எவர்? அவனுக்கு என் தம்பி யார்? பத்துப் பாகம், பத்து ஆள் ஆழத்தில் இருக்கிறவனைப் பற்றி, மாதச் சம்பளத்துக்கு வந்தவனுக்கு என்ன பதைப்பு இருக்கும்? "ஒங்க ரெண்டு பேரு வீம்புக்கும் நடுவுல என் தம்பி உசிரையா வச்சு வெளையாடுதிய?" என்று கேட்டேன். விருந்தாளி இருக்கிறார் என்ற நினைப்புகூட இல்லை. "அவனுக்கு ஏதாவது ஆச்சு, இந்த வீட்டுல அடுப்பு எரியாது, பாத்துக்கிடுங்க."

அந்த இளைஞர் காப்பியைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, கோயில்னு சொன்னியளே" என்றார் மெதுவாக. "கடல் ஓரத்துல, தென்னைக்கு நடுவுல இருக்கே, அதா?"

"அதத்தான் இடிச்சுப் போட்டியளே."

"இடிக்கலயே. நான் வேல பாக்கதே அதுக்குள்ளதான்."

இவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "பீடத்துல ஒக்காந்து வாணம் செய்யுதியளோ."

"பீடத்த யாரும் தொடல அண்ணாச்சி. சனங்க கொடுத்துட்டுப் போனப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கு. சனங்க பெஞ்சு போட்டு உக்காந்த எடத்துலதான் எங்க மேசை. மொத ராக்கெட்டை அங்கனதான் துண்டு துண்டாச் சேத்துப் பூட்டுனாங்களாம். அப்ப ஜீப்பு கூடக் கெடையாதாம். சைக்கிள் கேரியர்ல வச்சுத் தள்ளிட்டுப் போனாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. புறா வந்து வரைபடத்து மேலயே எச்சம் போடும். ஆயர் வீட்டுலதான் ஆபீஸ்."

நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வருடமாக இடிந்துபோனதாக நினைத்து அழுத கோயில். ஆனால் சுலபத்தில் நம்புகிற ஆளா?

"அப்படின்னா ஒண்ணு சொல்லும். பீடத்துக்கு ஏறுற படிக்கு முன்னால, எடப்பக்கம், மூணாவது தரைக்கல்லுல என்ன இருக்கு?"

அந்த இளைஞர் யோசிக்கவே இல்லை. "ஒடஞ்சு, ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். எங்கள்ல அதுல தடுக்கி விழாதவனே கெடையாது. ஒருத்தர் கையில இருந்த கருவியே போச்சு. அதுலருந்து அந்தக் கல்லச் சுத்திச் செவப்பு பெயிண்ட்ல வட்டம் போட்டு வச்சிருக்கோம்."

இவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "பெரிய வெள்ளிக்கிழமை. பெரிய குருச நானும் அப்பாவும் தூக்கிட்டு வந்தோம். எனக்குப் பதினாலு வயசு. கை வழுக்கிருச்சு. குருசோட அடி அந்தக் கல்லுல விழுந்துச்சு. ஊரு முன்னால அப்பா அறைஞ்சாரு."

இடத்துக்கான குறியை மட்டும் இரண்டு தரம் தெளிவாகச் சொன்னார். விருந்தாளியும் தம்பியும் கிளம்பிப் போனார்கள். கயிற்றைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்து நின்றார். "ஏளா, ஆயர் கேட்டாருல்லா" என்றார். "யாருக்காவது மனத்தாங்கல் உண்டான்னு கேட்டாரு. நானும் அங்கனதான் நின்னேன். வேண்டாம்னு ஒரு சொல்லு சொல்ல வாய் வரல. அம்மா அங்கன கெடக்காளேன்னு சொல்லத் தோணல. சொல்லாம இருந்துட்டு, இத்தன வருசமா அடுத்தவன ஏசிட்டுக் கெடக்கேன்." கையில் சாம்பலோடு அப்படியே நின்றேன். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

காலையில் நான் எழுந்தபோது அவர் பாயில் இல்லை. குசினியில் பழைய சோற்றுப் பானை மூடியபடியே இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கயிறும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். வள்ளம் போய்விட்டிருந்தது.

கடலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துச் சொல்கிறேன்.

இவர் வள்ளத்தில் ஏறியதும் துறைமுகத்து ஆளின் கையிலிருந்த புது நைலான் கயிற்றை வாங்கி, இரண்டு விரலால் உருவிப் பார்த்துவிட்டு, "இது பேசாது" என்று ஓரமாகப் போட்டாராம். தம் பழைய கயிற்றைத் தம்பியின் இடுப்பில் தாமே கட்டினார். தம்பி குருசு போட்டுக்கொண்டு கல்லைப் பற்றி இறங்கினான். முதல் தரம் மணல்தான். இரண்டாவது தரம் ஒரு பாறை. குறி கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று வள்ளத்தை நாலு பாகம் வாடைப் பக்கம், வடக்கே, தள்ளச் சொன்னார். மூன்றாவது தரம் கீழே போனதும் கயிறு ஒரு தரம் சுண்டியது. கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த இளைஞர் கையில் ஒரு ஓட்டப் பந்தயக் கடிகாரம் வைத்திருந்தார். கூம்பின் தலையில் உள்ள வளையத்தில் இன்னொரு கயிற்றைக் கட்டிவிட்டு வர வேண்டும். அறுபது விநாடிக்கு மேல் ஒரு நொடிகூடத் தம்பியைக் கீழே வைக்கக் கூடாது, மணி ஆனதும் இழுத்துவிட வேண்டும் என்று துறைமுகத்து ஆளோடு முதலிலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள். எழுதியே வைத்திருந்தார்கள். நல்ல மனசோடு செய்த ஏற்பாடுதான். அறுபது ஆனது. "இழுங்க அண்ணாச்சி" என்றார். இவர் இழுக்கவில்லை. எழுபது. "அண்ணாச்சி, இழுங்க." இவர் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்பி, விரலுக்கு நடுவில் கயிறு நடுங்குவதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்து ஆள் பொறுக்க முடியாமல் கயிற்றில் கை வைத்தபோது அவனை முழங்கையால் தள்ளினார். பிறகு, இழுப்பதற்குப் பதிலாக, கயிற்றை இரண்டு முழம் கீழே விட்டார்.

அந்த இளைஞர் என்னிடம் சொன்னார்: "அக்கா, ஒருத்தர நான் கொன்னுட்டேன்னு நெனச்சேன்."

கீழே நடந்தது இது. முங்கிப்போன குடையின் கயிறுகள் தண்ணீருக்குள் முடியைப்போல் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. வளையத்தில் முடிச்சுப் போட்டுவிட்டுத் தம்பி திரும்பியபோது அவற்றில் ஒன்று அவனுடைய இடுப்புக் கயிற்றையும் மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. மேலே இருந்து இழுத்திருந்தால் சுருக்கு இறுகியிருக்கும்; முன்னூறு ராத்தல் கூம்போடு சேர்த்துக் கட்டிப்போட்டதுபோல் ஆகியிருக்கும். கயிறு தளர்ந்ததும் சுருக்கு நெகிழ்ந்தது. கையை உருவிக்கொண்டான். இரண்டு தரம் சுண்டினான். அதற்குப் பிறகு இவர் இழுத்த இழுப்பில் தம்பி மீன்மாதிரி வள்ளத்துக்குள் வந்து விழுந்தானாம்.

அவன் மூச்சு விட்டான். இவரும் விட்டார். பிறகு எழுந்து நின்று வள்ளத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தி எடுத்தார்.

மத்தியானம் கூம்பு கரைக்கு வந்தது. ஆலந்தலையிலிருந்து மீன் கொண்டுவந்த பெண்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்துவைத்த உயரம், சாம்பல் நிறம், ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதன் தோலில் ஒரு தையல், ஒரு மேடு இல்லை. மனுசன் கை இவ்வளவு வழவழப்பாக ஒன்றைச் செய்யுமா என்று நான் தடவித் தடவிப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது. வானத்துக்குப் போய் வந்த பொருளைத் தொட்டுவிட்டேன் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த இளைஞர் சங்கடத்தோடு சொன்னார்: "இது இன்னும் மேல போகலக்கா. ஹெலிகாப்டர்லருந்து போட்டதுதான்." போய்த் தொலைகிறது. போகப்போகிறதுதானே என்று சொல்லிவிட்டு மறுபடியும் தடவினேன்.

உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது தம்பி கூம்பிலிருந்து ஒரு திருகாணி கேட்டான். கொடுத்தார்கள். முத்துக் குளித்த அப்பாவின் படத்துக்குக் கீழே அதை ஒரு சிமிழில் வைத்தான். இவர், "அந்தக் கல்லப் பாக்கணும்" என்றார்.

பங்குனி கழிந்து, பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடிய பிறகு, நாங்கள் இருவரும் போனோம். மூன்று பஸ் மாறினோம். வாசலில் துப்பாக்கியோடு காவல்காரர் நின்றார். அந்த இளைஞர் வந்து எங்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதவைத்து உள்ளே அழைத்துப்போனார்.

தென்னைகளுக்கு நடுவில் அது நின்றது. வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, உச்சியில் குருசு. இவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். உள்ளே நுழைந்ததும் நான் குருசு போட்டுக்கொண்டேன், பக்தியா பயமா தெரியவில்லை. பெஞ்சு இருந்த இடத்தில் நீள மேசைகள். மேசைமேல் கம்பிகள், சின்னச் சின்ன விளக்குகள், பெரிய பெரிய படத்தாள்கள். சுவர் ஓரத்தில் முழு ராக்கெட் ஒன்று, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, தாங்கியில் படுத்துக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், யாரும் தொடாமல், மெழுகு வடிந்த கறையோடு, பீடம். பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. கோயிலில் பேசாமல் இருப்பது வேறு. இவர்கள் வேலை செய்கிறபோதே அப்படி இருந்தார்கள். நானும் எத்தனையோ பூசை கண்டவள். அவ்வளவு கவனத்தை நான் எந்தப் பூசையிலும் பார்த்ததில்லை. இதை எங்கள் சிஸ்டர்களிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு வட்டம் அங்கே இருந்தது. வட்டத்துக்குள் உடைந்த கல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வட்டத்துக்கு வந்ததும் இருவரும் ஒருசேர நின்று, குனிந்து கல்லைப் பார்த்து, தாண்டிப் போனார்கள். இங்கிருந்து வானத்துக்குப் போன ஒவ்வொன்றும் இவர் உடைத்த கல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறது. இவர் குந்தி உட்கார்ந்து அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மாவின் குருசு சாய்ந்திருந்தது, ஆனால் இருந்தது. நிமிர்த்தி வைத்தார்.

அன்று சாயங்காலம் ஒரு ராக்கெட் விட்டார்கள். வாரத்துக்கு ஒன்று விடுவது அவர்களுக்கு வழக்கமாம், காற்றை அளப்பதற்கு. எங்களைத் தூரத்தில் ஒரு மணல்மேட்டில் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் எண்ணைத் தலைகீழாக எண்ணினார்கள். பத்து, ஒன்பது என்று வந்தபோது நான் திரும்பி இவரைப் பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. கண் மூடியிருந்தது. வலது கை இடுப்புக்கு முன்னால் எழுந்து, விரல்கள் மடங்கி, இல்லாத கயிற்றைப் பிடித்திருந்தன.

சத்தம் முதலில் காலில்தான் வந்தது. பிறகு நெஞ்சில். அப்புறம்தான் காதில். தென்னைகளுக்கு மேலே ஒரு தீ கோடு கிழித்துக்கொண்டு போனது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்றாம் வகுப்புப் பலகையில் சாக்குக்கட்டியால் நான் வரைந்ததெல்லாம் எவ்வளவு பொய். அது மேகத்துக்குள் போய், புள்ளியாகி, இல்லாமல் போனது. புகை மட்டும் கடல் காற்றில் வளைந்து நின்றது. எல்லாரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். இவர் மட்டும் இன்னும் மூச்சு விடவில்லை. முகம் கறுத்துவிட்டது. நான் பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். "மூச்சு விடுங்க. போயிருச்சு."

விட்டார். கையைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளைஞரிடம் கேட்டார்: "தம்பி, அங்கன கயிறு யாரு பிடிக்கா?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "யாரும் இல்ல அண்ணாச்சி. விட்டா விட்டதுதான். அது ரேடியோவுல சொல்லுதத மட்டும் கேட்டுக்கிட்டு இருப்போம். திரும்பி வாரதப் பிடிக்கணும்னுதான் ஒங்க கடலுக்கு வந்தோம்."

அந்தக் கோயிலை இப்போது காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வண்டி வண்டியாகக் கூட்டி வருகிறார்கள். சில வருடங்களுக்கு முன்னால் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். சிவப்பு பெயிண்ட் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. கல்லின் விரிசல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தடவிப் பார்த்தேன். காவலாளி, பாத்து, தடுக்கும் என்றார்.

ராக்கெட் பார்த்துவிட்டு நாங்கள் ஊர் திரும்பிய அன்றைக்குத் தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். எப்பிடி மச்சான் இருந்துச்சு என்று கேட்டான். இவர் கதவுக்குப் பின்னால் கயிறு தொங்கும் ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். நான் மீன்குழம்பு ஊற்றினேன். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் முதல்முதலாக அவரே சொன்னார்.

"ராக்கெட்டெல்லாம் அருமையா விடுதானுவலே மாப்ள" என்றார். "ஆனா பாவம். அவனுவளுக்கு மச்சான் இல்ல."

பிறகு இரண்டு வருடத்துக்குள் அவர்கள் மூன்று தரம் கூம்பு போட வந்தார்கள். கடுதாசி வருவதற்கு முன்னாலேயே இவர் கயிற்றை வெயிலில் காயப்போட்டிருப்பார்.